அக்டோபரில் லுவாங்வா போகும் மகளுக்கு

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா வனவிலங்குப் பூங்காவுக்கு ஜூலையில் போவதா, அக்டோபரில் போவதா என்று போனில் கேட்டாய். அவசரத்தில் சரியாகச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். மாப்பிள்ளை ஜூலை என்கிறார். வெயில் இருக்காது என்பது உண்மைதான், விடியற்காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் ஜீப்பில் உட்கார முடியாது. அக்டோபரில் 40 டிகிரியைத் தாண்டும், மதியம் முழுக்க மரத்தடியில்தான் கிடக்க வேண்டும். அப்படியும் நான் அக்டோபர் என்றே சொல்வேன்.

காரணம் தண்ணீர். ஜாம்பியாவில் மழை நவம்பரில் ஆரம்பித்து ஏப்ரல் வாக்கில் நின்றுவிடும். ஜூலையில் காட்டுக்குள் அங்கங்கே குட்டை மிச்சமிருக்கும், புல்லும் ஆள் மறையும் அளவுக்கு நிற்கும். பூங்காவின் பரப்பு 9,050 சதுர கிலோமீட்டர். அதற்குள் எது எங்கே நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்? அக்டோபரில் குட்டைகள் வற்றிவிடும், கிளையாறுகள் வெறும் மணலாகிவிடும். லுவாங்வா என்ற பெரிய ஆறும், அது தடம் மாறும்போது விட்டுவிட்டுப் போன பிறை வடிவக் குளங்களும்தான் மிச்சம். லுவாங்வாவில் அணை கிடையாது. ஒவ்வொரு மழைக்கும் கரையை அரித்துத் தடம் மாறும், அதனால்தான் இவ்வளவு குளங்கள். தாகம் எடுத்த எல்லாமே அங்கே வந்துதான் ஆகவேண்டும்.

முதலில் நீர்யானைகளைப் பார். ஆற்றில் ஆழமான இடங்கள் குறையக் குறைய, ஒரே மடுவில் நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்துக் கிடக்கும். முதுகெல்லாம் ஆகாயத்தாமரை ஒட்டியிருக்கும். இடத்துக்காக ஆண்கள் சண்டை போட்ட தழும்புகள் தோலில் நீளநீளமாகத் தெரியும். பகலெல்லாம் சும்மா கிடப்பதாகத் தோன்றும். ஆனால் இருட்டியதும் கரையேறி மேயப் போகும். ஆற்றோரப் புல் எல்லாம் தீர்ந்த பிறகு ஒவ்வொரு ராத்திரியும் இன்னும் தூரம் நடக்கவேண்டும். மெலிந்தவை அந்த நடையிலேயே விழுந்துவிடுவதும் உண்டு.

கிளையாற்று மணலில் யானை ஊற்றுத் தோண்டுவதைப் பார்க்கக் கிடைத்தால் மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம். நம் ஊரில் வைகை வற்றினால் மணலில் ஊற்றுத் தோண்டுவார்களே, அதே வேலைதான். முன்காலால் மணலைத் தள்ளும், தும்பிக்கையால் ஈர மணலை அள்ளி வெளியே போடும், அப்புறம் பேசாமல் நிற்கும். கலங்கல் அடங்கித் தண்ணீர் ஊறுவதற்காகத்தான். கொஞ்சம் குடிக்கும், மறுபடியும் நிற்கும். பபூன் குரங்குகள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, அது எப்போது நகரும் என்று காத்திருக்கும். இதைப் பார்க்க ஒரு மணி நேரமாவது வேண்டும். சிங்கத்தைத் தேடி ஓடுகிறவர்கள் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நீ உட்கார்ந்திரு.

இன்னொன்று, ம்சாங்கு மரம். வேலமரச் சாதி. காடே மொட்டையாக நிற்கும்போது இது மட்டும் பச்சையாக இருக்கும், மழைக்காலத்தில்தான் இலை உதிர்க்கும். வேர் அவ்வளவு ஆழம், நிலத்தடி நீரைத் தொட்டுவிடும். அதன் சுருண்ட காய்கள் வறட்சியின் கடைசி மாதங்களில் பழுத்து விழும், யானைகள் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும். சாசேஜ் மரமும் அப்போதுதான் பூக்கும். நம் பக்கம் பழைய கல்லூரி வளாகங்களில் நீண்ட காய் தொங்கவிட்டு நிற்குமே, அந்த மரம்தான். கருஞ்சிவப்புப் பூ ராத்திரியில் மலர்ந்து விடியும்போது கீழே கிடக்கும், இம்பாலா மான்கள் அதைத் தின்ன வரும். அதனால் மரத்துக்குக் கீழே பார்த்தது போதும் என்று நினைக்காதே. மேல் கிளையையும் பார், சிறுத்தைக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

செம்பஞ்சுருட்டான் பறவைகள் அந்த மாதங்களில் ஆற்றங்கரைச் செங்குத்து மண்ணில் பொந்து தோண்டிக் கூட்டமாகக் குஞ்சு பொரிக்கும். தண்ணீர் இறங்கினால்தான் அந்தக் கரை வெளியே தெரியும். பேரனுக்குக் கட்டாயம் காட்டு.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நமக்குப் பார்க்க வசதியான மாதம்தான் அவற்றுக்கு மிகவும் கஷ்டமான மாதம். எந்த விலங்குக்கும் உடம்பில் உபரித் தெம்பு இருக்காது. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகலாமா என்று வழிகாட்டியிடம் கேட்காதீர்கள். டிப்ஸ் தருகிறவர் கேட்டால் மறுப்பது அவருக்குச் சிரமம். ஆற்றுக்கும் அதை நோக்கி வரும் யானைக் கூட்டத்துக்கும் நடுவே வண்டி நிற்கிறது என்று தோன்றினால், நகர்த்தச் சொல்லுங்கள். கூட்டம் மிரண்டு திரும்பினால் குட்டிகளும் தாகத்தோடுதான் திரும்பவேண்டும். ராத்திரி சவாரியில் மான்களின் கண்ணில் விளக்கைப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. கண் கூசி நிற்கிறதைச் சிறுத்தை சுலபமாக அடித்துவிடும்.

அங்குள்ள யானைகள் மனிதனிடம் நிறையவே பட்டிருக்கின்றன. நாம் பக்கத்து ஊரான சிபாட்டாவில் இருந்தபோது, நீ கைக்குழந்தை, தந்தத்துக்காக அந்தப் பள்ளத்தாக்கில் கூட்டம் கூட்டமாகச் சுட்டார்கள். அங்கே பெண் யானைக்கும் தந்தம் உண்டு. 1969-இல் பெண் யானைகளில் நூற்றுக்குப் பத்து போல தந்தமில்லாமல் இருந்தன. 1989-இல் அது 38 ஆனது. தந்தம் உள்ளவை செத்தன, இல்லாதவை குட்டி போட்டன. தந்தமில்லாத தாய் யானையைப் பார்த்தால் பேரனிடம் இந்தக் கதையைச் சொல். காண்டாமிருகம் நாட்டிலேயே அற்றுப்போய்விட்டது என்று 1998-இல் அறிவித்தார்கள். 2003-இல்தான் வடக்கு லுவாங்வா பூங்காவுக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எனக்கு இன்றும் ஆறவில்லை.

சரி, மற்றவை. கறுப்பு, கருநீல உடுப்பு வேண்டாம், கடிக்கிற செட்சி ஈ அந்த நிறத்துக்குத்தான் வரும். மலேரியா மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடு. நடை சவாரிக்கு பெரும்பாலான முகாம்களில் 12 வயதாவது ஆகியிருக்க வேண்டும், பேரனுக்குச் சரியாக இருக்கும். துப்பாக்கியோடு ஒரு காவலர் முன்னால் போவார், வரிசையாக, பேசாமல் நடக்கவேண்டும். காட்டுக்குள் இருக்கும் சிறிய முகாம்கள் மழை தொடங்கும் முன்பே மூடிவிடுவார்கள், அதனால் நவம்பருக்குத் தள்ளிப்போடாமல் தேதியை முடிவு செய். செய்ததும் எனக்குச் சொல். சிபாட்டாவிலிருந்து பூங்கா வாசலில் உள்ள ம்ஃபுவேக்கு இப்போது தார் ரோடு வந்துவிட்டதாம், சாலை வழியாகப் போவதாக இருந்தால் அதைப் பற்றியும் எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா