ஏழை அம்மாவுக்கு அக்கறை குறைவாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பிள்ளை வளர்ப்புக் கட்டுரையைப் படித்துக்கொண்டே வந்தவள், ‘வறுமையில் வாழும் பெற்றோருக்குப் பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிய அக்கறை குறைவு’ என்ற வரியில் நின்றுவிட்டேன்.

எழுதியவர் மெத்தப் படித்தவர்போல. தின்னாமல் காத்திருந்தால் இன்னொரு மிட்டாய் தருவதாகக் குழந்தைகளிடம் சொல்லிப் பார்த்த மார்ஷ்மெல்லோ சோதனையை ஆதாரமாகக் கொண்டுவருகிறார். உங்களுக்குத் தெரியாததல்ல, அமெரிக்க உளவியலாளர் வால்டர் மிஷல் அதை நடத்தியது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில். பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் இடம்! 2018-இல் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களைக் குடும்பப் பின்னணியோடு சேர்த்து அலசியபோது, காத்திருந்த பிள்ளைதான் பிற்காலத்தில் நன்றாகப் படிக்கும் என்ற கணிப்பு பெருமளவு சுருங்கிப்போனது. இதை எழுத மட்டும் பக்கத்தில் இடம் இல்லையோ?

‘அடுத்த மாசம் வாங்கித் தரேன்’ என்று என் அம்மா மனசாரத்தான் சொல்வார். அடுத்த மாசம் யாருக்காவது காய்ச்சல் வரும், பணம் போய்விடும். கிடைத்ததை அப்போதே தின்றுவிட்ட நாங்கள் கணக்குத் தெரிந்த பிள்ளைகள், ஐயா.

அம்மாவுக்கு ஒரு வசதியான வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை. அதற்குக் கதை சொல்லித் தூங்கவைத்துவிட்டு அவர் வருவதற்குள் நாங்கள் தூங்கியிருப்போம். விளக்கைப் போடாமலே எங்கள் பைகளைத் திறந்து, பென்சில் முனைகளை விரலால் தடவிப் பார்த்து, மழுங்கியதைச் சீவி வைத்துவிட்டுத்தான் படுப்பார். அந்த வீட்டம்மாவுக்குப் பொறுப்பான தாய் என்று ஊரெல்லாம் பெயர். வேலை நாளில், நடுப்பகலில் வைத்த பெற்றோர் கூட்டத்துக்கு வரவில்லை என்று என் அம்மாவுக்கு எங்கள் பள்ளி கொடுத்த பெயர் வேறு. வசதியான பிள்ளை எதிர்த்துப் பேசினால் தன்னம்பிக்கை, நாங்கள் பேசினால் திமிர். அதுவும் அங்கேதான் கற்றேன்.

அப்புறம், உங்கள் ‘நீங்கள் நல்ல பெற்றோரா?’ கேள்விப் பட்டியல். பிள்ளைக்குத் தனி அறை இருந்தால் மதிப்பெண்ணாம்! ஒரே அறையில் குடும்பமே படுப்பவர்கள் முதல் கேள்வியிலேயே ஃபெயில்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் செரோக்கி பழங்குடிக் குடும்பங்களுக்கு 1990-களில் சூதாட்ட விடுதி வருமானத்தில் பங்கு வரத் தொடங்கியது. வறுமையிலிருந்து மீண்ட வீடுகளில் பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன என்றும், பெற்றோரால் பிள்ளைகளைக் கூடுதலாகக் கவனிக்க முடிந்தது அதற்கு முக்கியக் காரணம் என்றும் 2003-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பெற்றோர் என்னவோ அதே பெற்றோர்தான். அக்கறை எங்கிருந்து முளைத்தது என்று உங்கள் கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

அடுத்த இதழில் அந்த 2018 ஆய்வு பற்றி ஒரு சிறு குறிப்பாவது போடுங்கள், போதும். முன்பு நான் எழுதிய நீண்ட கடிதத்தில் ‘கட்டுரை அருமை’ என்ற வரியை மட்டும் வெட்டியெடுத்து வெளியிட்டீர்கள். இந்த முறை அப்படி எடுத்துப்போட ஒரு வரியும் வைக்கவில்லை.

இப்படிக்கு,
இன்னமும் சந்தா கட்டும் வாசகி