ஆமாம் என்ற சொல் இல்லாத மொழி

மக்களே,

ஞாயிற்றுக்கிழமை போனில் நாம் பேசியது கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் "பை, பை, பைபைபை" சொல்வதிலேயே போய்விட்டது. அயர்லாந்தின் கார்க் நகரில் இருபது வருஷம் இருந்தவனுக்குப் போனை வேறு மாதிரி வைக்கத் தெரியாது. வைத்த பிறகுதான் சொல்ல வந்தது ஞாபகம் வந்தது. அதுதான் எழுதுகிறேன்.

உன் ஹாம்பர்க் ஆபீஸில் மேலதிகாரி அம்மா, "நீ எதையும் நேராகச் சொல்வதில்லை" என்றார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று கேட்டதற்கு நீ "பார்க்கிறேன்" என்றாய். முடியும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முடியாது என்பதைத்தான் நீ அப்படிச் சொன்னாய். நான் சிரித்ததும் உனக்குக் கோபம் வந்துவிட்டது. உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்த "பார்க்கிறேன்" பாதி திசையன்விளையிலிருந்தும் பாதி கார்க்கிலிருந்தும் வந்தது. இரண்டுக்கும் நான்தான் பொறுப்பு.

2004-இல் வந்த புதிதில் நான் ரொட்டி வண்டி ஓட்டினேனே, அப்போது ஒரு சனிக்கிழமை. அம்மாவுக்கு டியூட்டி, உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கூட வேலை பார்த்தவரிடம் என் டிரிப்பை எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். "ஐ வில், யா" என்றார். செய்கிறேன், ஆமாம். இதைவிடத் தெளிவாக ஒருவர் என்ன சொல்ல முடியும்? நிம்மதியாகத் தூங்கினேன். விடியற்காலையில் டிப்போவிலிருந்து போன், வண்டி அப்படியே நிற்கிறது என்று. கார்க்கில் அந்த "யா"வை இழுத்துக் கீழே இறக்கினால் "உனக்கு வேற வேலை இல்லையா" என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாது. வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. அந்த மனுஷன் பிற்பாடு நல்ல சிநேகிதனாகிவிட்டான், அது வேறு கதை.

இவர்கள் ஏன் இப்படிப் பேசுகிறார்கள் என்பது அயர்லாந்தின் பழைய மொழியான ஐரிஷில் உன் வீட்டுப்பாட நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. உனக்கு எட்டு வயது இருக்கும். சமையலறை மேஜையில் உட்கார்ந்து "அன் வில் ஓக்ரஸ் ஓர்ட்?" என்று உரக்கப் படித்தாய். உனக்குப் பசிக்கிறதா என்று அர்த்தமாம். சொல்லுக்குச் சொல் பார்த்தால், பசி உன்மேல் இருக்கிறதா? அதற்குப் பதில் "தா". இருக்கிறது. "ஆமாம்னு சொல்லணும்னா?" என்று கேட்டேன். "அப்படி ஒரு வார்த்தையே இல்லப்பா, இல்லைன்னு சொல்லவும் வார்த்தை கிடையாது. கேட்ட வினைச்சொல்லைத் திருப்பிச் சொல்லணும்" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் வீட்டில் வேறு என்ன செய்கிறோம்? "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "வருவியா?" "வருவேன்." பசியும் அப்படித்தான், நமக்கும் அது நாம் செய்கிற வேலை இல்லை, "எனக்கு" வருவது. இங்கிலீஷ் "ஹேவ்"வுக்கு நேரான வினை அவர்களிடமும் கிடையாது. நம்மைப் போலவே புத்தகம் "என்னிடம் இருக்கிறது" என்பார்கள். மன்னிப்புக் கேட்க "தா ப்ரோன் ஒரம்", துக்கம் என்மேல் இருக்கிறது. இருப்பது போகவும் செய்யும், பார்.

நம்ம இடையன்குடியில் அரை நூற்றாண்டு வாழ்ந்த கால்டுவெல் பிறந்தது அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பக்கம், 1814-இல், ஸ்காட்லாந்துக்காரப் பெற்றோருக்கு. அவர் 1856-இல் திராவிட மொழிகளையெல்லாம் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டார். நான் உன் நோட்டை வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்று இட்லி ஆறிப்போனதற்கு அம்மாவிடம் இருவருக்கும் கிடைத்தது.

அப்புறம் தெருவில் காதைத் தீட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். "கதவைப் பூட்டினாயா?" என்றால் பக்கத்து வீட்டுக்காரர் "யெஸ்" என்பதில்லை, "ஐ டிட்" என்பார். தட்டைக் கீழே போட்டுவிட்டால் "ஐம் ஆஃப்டர் ட்ராப்பிங் த ப்ளேட்", தட்டைப் போட்டதற்குப் பின்னால் இருக்கிறேன், அதாவது இப்போதுதான் போட்டேன். இங்கிலீஷ் வார்த்தைக்குள்ளே ஐரிஷ் உட்கார்ந்திருக்கிறது.

மொழி அப்படி உள்ளே போய் ஒளிந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டிவிட்டு, ஐரிஷ் பேசும்போதெல்லாம் அதில் ஒரு கீறல் போடுவார்கள். கீறலை எண்ணி அடி. இதில் கொடுமை, பல இடங்களில் பெற்றோரும் கூட நின்றார்கள். கப்பலேறிப் போகிற பிள்ளைக்கு இங்கிலீஷ்தான் சோறு போடும் என்று நினைத்தார்கள். 1845-இல் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவுக்கு ஊரைவிட்டும் போனார்கள். அதிகம் அடிபட்டது ஐரிஷ் பேசிய மேற்குப் பக்கத்து ஏழைகள். நீ பதினைந்து வயதில் பாலிங்கியரி கிராமத்துக்கு மூன்று வாரம் ஐரிஷ் படிக்கப் போனாயே, அங்கே இங்கிலீஷ் பேசினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்றார்கள். குச்சி இப்போது மறுபக்கம்! ஆனாலும் 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரியும் என்றவர்கள் 18.7 லட்சம் பேர், பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் சுமார் 72 ஆயிரம்தான். நாமும் உன்னிடம் வீட்டில் தமிழ் பேசினோம், நீ இங்கிலீஷில் பதில் சொன்னாய். அதனால் அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2009-இல் ஆச்சி வந்தது உனக்கு நினைவிருக்கும். ஆச்சிக்கு இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாது. பக்கத்து வீட்டுப் பாட்டி கூப்பிட்டார்களென்று கூட்டிப்போனேன். டீ வேண்டுமா என்று பாட்டி கேட்க, ஆச்சி கையை விரித்து "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றாள். நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் பாட்டி கெட்டில் ஸ்விட்சைத் தட்டிவிட்டார்கள். பிஸ்கட் தட்டு நீண்டது. ஆச்சி தலையை ஆட்டினாள். தட்டு அங்கேயே நின்றது. மூன்றாவது தடவை ஆச்சி ஒன்றை எடுத்துச் சேலை மடியில் வைத்துக்கொண்டாள், பாட்டி ஜெயித்த மாதிரி சிரித்தார்கள். முதல் தடவை சொல்கிற "வேண்டாம்" எதற்கு, எத்தனையாவது தடவை சொன்னால் நிஜமாகவே வேண்டாம், எல்லாம் அந்த இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. ஹாம்பர்க்கில் முதல் "வேண்டாம்" சொன்னதும் தட்டு உள்ளே போய்விடும், இல்லையா?

ஆச்சி இறந்துபோனபோது எங்கள் கார்க் தெருவே வந்தது. ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து, "சாரி ஃபார் யுவர் ட்ரபிள்", உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன். அவ்வளவுதான். எதையும் சுற்றிச் சுற்றிச் சொல்கிற ஊர் அன்றைக்கு ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னது. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆபீஸில் அவர்களிடம் முடியாது என்றே சொல்லிவிடு, மக்களே. அவர்கள் கேட்பது அதைத்தான், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. முதலில் தொண்டையில் நிற்கும், நாலு தடவை சொன்னால் பழகிவிடும்.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இப்போது எண்பத்தெட்டு. கிறிஸ்துமஸுக்கு நீ வருகிறாயா என்று நேற்றுகூடக் கேட்டார்கள். போன தடவை என்னிடம் நீ "ட்ரை பண்றேன்பா" என்றாய். அது என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். நாங்கள் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது கேட்கிறேன். வருவியா?

அப்பா