பூனைகளின் பெயர்கள் யாருடைய இஷ்டத்துக்கும் மாறுவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பூனைக் கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது: "வீட்டுப் பூனையும் காட்டுப்பூனையும் ஒன்றுதான், விஞ்ஞானிகள் இஷ்டத்துக்குப் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்." அதைத் தாண்டி என்னால் நிம்மதியாகப் படிக்க முடியவில்லை.

இஷ்டத்துக்கு யாரும் மாற்றவில்லை ஐயா. உயிரினங்களுக்கு இரு சொல் அறிவியல் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1758-இல் வீட்டுப் பூனைக்கு ஃபெலிஸ் காட்டஸ் என்று பெயரிட்டார். ஐரோப்பியக் காட்டுப்பூனைக்கு ஃபெலிஸ் சில்வெஸ்ட்ரிஸ் என்று ஜெர்மன் இயற்கையியலாளர் ஷ்ரேபர் பெயர் வைத்தது 1777-இல்தான். இரண்டும் ஒரே சிற்றினம் என்று கொண்டால் முதலில் வைத்த பெயரே நிற்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் காட்டில் திரியும் பூனைக்கும் வீட்டுப் பூனையின் பெயரே வந்து சேரும். மாடு, குதிரை, ஒட்டகம் என்று மனிதன் பழக்கிய பல விலங்குகளிலும் இதே சிக்கல் இருந்தது. அதனால் பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் ஆணையம் 2003-இல், காட்டு விலங்குகளுக்கு வழக்கத்தில் இருந்த 17 பெயர்கள் அப்படியே நிலைக்கும் என்று முடிவு சொன்னது. இதற்கு எத்தனை ஆண்டு வாதம் நடந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் 2007-இல் மரபணு ஆய்வு வந்தது. உலகெங்கும் உள்ள வீட்டுப் பூனைகள் ஐரோப்பியக் காட்டுப்பூனையிலிருந்து வந்தவை அல்ல, மேற்கு ஆசியப் பகுதியின் ஃபெலிஸ் லிபிகா என்னும் காட்டுப்பூனையின் வழி வந்தவை என்று அது காட்டியது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பூனை வல்லுநர் குழு 2017-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் சில்வெஸ்ட்ரிஸ், லிபிகா, காட்டஸ் மூன்றும் தனித்தனியாகவே இருக்கின்றன. வீட்டுப் பூனையைக் காட்டுப்பூனையின் துணையினமாக எழுதுவோர் இன்றும் உண்டு. அது ஆதாரத்தை வைத்து நடக்கும் விவாதம். "எல்லாம் ஒன்றுதான்" என்று கைகழுவுவது வேறு.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் ஸ்காட்லாந்தைப் பார்க்கட்டும். அங்கே மிஞ்சியிருக்கும் காட்டுப்பூனைகள் வீட்டுப் பூனைகளோடு கலந்து கலந்தே அழியும் நிலைக்கு வந்துவிட்டன. காப்பிடத்தில் வளர்த்த பூனைகளை 2023-இல் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டும் ஒன்றுதான் என்றால் அந்தப் பாடு எதற்கு?

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். முன்பு ஒரு புகைப்படத்தின் கீழே "கருஞ்சிறுத்தை என்னும் அரிய இனம்" என்று போட்டிருந்தீர்கள். அப்படி ஓர் இனமே கிடையாது. சிறுத்தையிலும் அமெரிக்க ஜாகுவாரிலும் கருமை நிறமி மிகுந்து பிறப்பவற்றைத்தான் அப்படி அழைக்கிறோம். வெளிச்சத்தில் பார்த்தால் கறுப்புக்குள்ளும் புள்ளிகள் தெரியும். இன்னொரு இதழில் சிவிங்கிப்புலியை (சீட்டா) புலி, சிங்கத்தோடு பாந்தெரா பேரினத்தில் சேர்த்திருந்தீர்கள். அது அசினோனிக்ஸ் ஜுபாட்டஸ், அமெரிக்கக் கண்டத்துப் பூமாவுக்கு நெருங்கிய உறவு. சிவிங்கிப்புலிக்குக் கர்ஜிக்க வராது, வீட்டுப் பூனை போல முரமுரக்க வரும். புனுகுப்பூனையைப் பூனைக் குடும்பத்தில் வைத்ததையும் நான் மறக்கவில்லை. பெயரில் பூனை இருந்தாலும் அதன் குடும்பமே வேறு, விவெர்ரிடே.

நான் விலங்கியல் ஆசிரியராக இருந்தவன். கருஞ்சிறுத்தையைத் தனிச் சிற்றினமாக எழுதிய ஒரு மாணவியின் விடைத்தாளில் மதிப்பெண் குறைத்தேன். மறுநாள் அவள் உங்கள் பத்திரிகையை எடுத்துவந்து என் மேசையில் விரித்தாள். அச்சில் வந்தது பொய்யாக இருக்குமா என்று அவள் கேட்டதில் தவறே இல்லை. வகுப்பு முழுவதும் என்னைத்தான் சந்தேகத்தோடு பார்த்தது. அப்போது உங்களுக்கு விரிவாகக் கடிதம் எழுதினேன். இரண்டு வரியாகச் சுருக்கி வெளியிட்டீர்கள். அந்த இரண்டு வரியிலும் அறிவியல் பெயரின் எழுத்து பிழையாகவே வந்தது. அன்றைய வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சினிமா நடிகர் ஒருவரின் பெயரில் ஓர் எழுத்து மாறினால் அடுத்த இதழிலேயே வருத்தம் தெரிவிக்கிறீர்கள். அந்த அக்கறை பூனைக்கும் கிடைக்கக் கூடாதா?

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். லத்தீன் எழுத்தில் அறிவியல் பெயரை அச்சிடும்போது பேரினத்தின் முதல் எழுத்து பெரியதாகவும், சிற்றினப் பெயர் முழுக்கச் சிறிய எழுத்திலும், இரண்டும் சாய்வாகவும் இருக்கட்டும். விலங்குகளைப் பற்றிய கட்டுரைகளை அச்சுக்கு அனுப்பும் முன் விலங்கியல் படித்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், பணம் எதுவும் வேண்டாம், அன்றைக்கே பார்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், உங்கள் நெடுநாள் வாசகர்