'பார்க்' என்பது பிரேக் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் சரிவான தெருவில் என் ஆட்டோமேட்டிக் காரை நிறுத்தி, கியரை 'பார்க்'கில் போட்டுவிட்டு இறங்கினேன். பின்கதவைத் திறந்து பேத்தியைத் தூக்கிய நொடியில் 'டக்'கென்று ஒரு சத்தம். கார் பின்னோக்கி நகர்ந்தது. குழந்தையை மார்போடு அணைத்தபடி விலகிவிட்டேன். பத்தடி உருண்டு, நடைபாதைத் திண்டில் சக்கரம் முட்டி நின்றது. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

மெக்கானிக் விளக்கிய பிறகுதான் புரிந்தது. கியர்பெட்டிக்குள் இருக்கும் சிறிய இரும்புக் கொக்கி ஒன்று, பல்சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. 'பார்க்' என்பது அவ்வளவுதான். என் காரில் கியர் கேபிள் தளர்ந்திருந்தது. கியர்த்தண்டு 'பார்க்'கில் நின்றது, கொக்கியோ முழுதாகப் பதியவில்லை. ஹேண்ட்பிரேக்கை நான் போடவே இல்லை. 6 ஆண்டுகளாகவே அந்தப் பழக்கம் எனக்கில்லை.

சரிவில் கால்பிரேக்கை அழுத்தியபடி முதலில் நியூட்ரல், அடுத்து ஹேண்ட்பிரேக். பிறகு கால்பிரேக்கை மெல்லத் தளர்த்தி, வண்டியின் பாரம் ஹேண்ட்பிரேக்கில் இறங்கியதும் மீண்டும் அழுத்தி 'பார்க்'கில் போட வேண்டும். மாற்றிச் செய்தால் முழுப் பாரமும் அந்தக் கொக்கியின் மேல்தான். மறுபடி கியரை எடுக்கும்போது கேட்கும் 'டக்' சத்தம் அதனால்தானாம்.

பயிற்சிப் பள்ளிகள் இதைச் சரிவிலேயே நிறுத்திக் கற்றுத்தர வேண்டும். சீட்பெல்ட் போடாவிட்டால் ஓயாமல் ஒலிக்கும் என் கார், ஹேண்ட்பிரேக் போடாமல் இறங்கியபோது வாய் திறக்கவில்லை. அதற்கும் ஓர் எச்சரிக்கை ஒலியை எல்லாக் கார்களிலும் கட்டாயமாக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி