கறிவேப்பிலை கொடுத்து விடாதே

உப்சாலா, சுவீடன்,
ஜனவரி 20

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. பதில் போடவில்லை என்று திட்டுவாய், திட்டு. நான் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

பாஸ்கரிடம் கறிவேப்பிலையும் நெய்யும் கொடுத்து விடப் போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டவே வேண்டாம். இலை, செடி, பழம் எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள். ஆர்லாண்டா விமான நிலையத்திலேயே வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். நெய்யும் பால் பொருள் கணக்கில் வந்துவிடும். வேடிக்கை, தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் தடையில்லை! அரைக் கிலோ பருப்புப்பொடி, கொஞ்சம் புளி, சுண்டைக்காய் வத்தல், இது போதும்.

இந்த ஊர்க்காரர்கள் கறிவேப்பிலைக்குத் தடை போடுவதுதான் அநியாயம். அதற்கு முராயா கோயனிகி என்று ஒரு தாவரப் பெயர் உண்டு. முர்ரே, கோனிக் என்ற இருவரின் நினைவாக வைத்த பெயர். இருவருமே இங்கே லின்னேயஸ் என்ற தாவரவியல் வாத்தியாரிடம் படித்தவர்கள். கோனிக் 1768-ல் நம்ம தரங்கம்பாடிக்கே வைத்தியராக வந்து, செடி கொடிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். அவர் வாத்தியாரின் கல்லறை இங்கே பெரிய தேவாலயத்துக்குள் இருக்கிறது. அந்தக் கோயிலின் உயரம் 118.7 மீட்டர், நீளமும் அதேதான். அவருடைய தோட்டம் குளிர்காலத்தில் பூட்டியிருக்கும், மே மாதம்தான் திறப்பார்கள்.

குளிரைப் பற்றி அப்பா கேட்டாரே. செல்சியஸ் இந்த ஊர்க்காரர் என்று சொல். அவர் முதலில் தண்ணீர் கொதிப்பதற்கு 0, உறைவதற்கு 100 என்றுதான் வைத்தார். பிறகு திருப்பிவிட்டார்கள். அப்படியே விட்டிருந்தால் இன்றைய மைனஸ் 10 இங்கே 110 டிகிரி!

இட்லி மாவுதான் பெரிய பாடு. 4 பங்கு அரிசிக்கு 1 பங்கு உளுந்து அரைத்து வைத்தால் மறுநாளும் சாந்து மாதிரி அசையாமல் கிடக்கும். ஓவனுக்குள் வைத்து, சூடு போடாமல் விளக்கை மட்டும் எரியவிட்டால் 12 மணி நேரத்தில் பொங்கிவிடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. 12 அறைக்கு ஒரே சமையலறை. ‘உள்ளே மாவு’ என்று கதவில் சீட்டு ஒட்ட மறந்தால், யாராவது பீட்சாவுக்காக 225-ல் திருப்பிவிடுவார்கள். அடியும் ஓரமும் வெந்து, நடுவில் கூழாக நிற்கும். அதற்கு ஒரு வழியும் இல்லை, கொட்ட வேண்டியதுதான்.

இந்த மாதப் பணத்தைப் பிப்ரவரியில் சேர்த்து அனுப்புகிறேன். இப்போது பஸ் இல்லை, சைக்கிள்தான். உடம்புக்கு நல்லது என்பதால்தான், வேறெதுவும் நினைக்காதே. பனியில் வழுக்காமல் இருக்க ரோட்டில் பொடிக்கல் தூவுகிறார்கள். டியூபுக்கு அதுதான் எமன். பஞ்சர் ஒட்டும்முன் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிக் கல்லை எடுக்காவிட்டால், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி குத்தும். இருட்டினால் முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள், பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். இருட்டத் தொடங்குவதோ மூன்றரை மணிக்கே.

நான் இருக்கும் ஃப்ளொக்ஸ்டா மாணவர் குடியிருப்பில் ராத்திரி சரியாகப் பத்து மணிக்குப் பிள்ளைகள் ஜன்னலைத் திறந்து கத்துவார்கள். ஒரு மாடியில் ஆரம்பித்தால் எதிர்க் கட்டடம் பதில் கத்தும். பல வருஷப் பழக்கமாம். பைத்தியக்காரக் கூட்டம் என்று நினைத்திருந்தேன். பொங்கலன்று நானும் ஜன்னலைத் திறந்தேன். என்ன கத்தினேன் என்று கேட்காதே.

சித்தப்பா கொல்லையில் சுவர் எழுப்பும் விஷயத்துக்கு அப்பா வாய் வார்த்தையாகத் தலையாட்ட வேண்டாம். முறைப்படி பணம் கட்டி, சர்வேயரை எஃப்எம்பி என்கிற நில அளவு வரைபடத்தோடு வரவழைத்து, அளந்து கல் நட்ட பிறகு பேசட்டும். சித்தப்பாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவரை கிணற்றடிக் கறிவேப்பிலை மரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது.

உன்,
செல்வி