உப்புவெளி வீட்டுக்கு ஒரு உறுதி

அன்பு மகனுக்கு,

நானும் அப்பாவும் நல்ல சுகம். நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்கத் திருகோணமலைக் கோணேசர் துணை. போன ஞாயிறு போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. போனில் சொன்னால் பாதியில் குரல் உடைந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

உப்புவெளி வீட்டில் இருக்கிற சனத்தை எழுப்பிவிட்டு, மூன்று அறையையும் சீசனுக்கு வெளிநாட்டுக்காரருக்கு விடலாம் என்கிறாய். உன் கணக்கில் பிழை இல்லை. கடல் அடங்கினால் புறாமலைத் தீவு பார்க்க வருகிறவர்களுக்கு அறை கிடைப்பதே கஷ்டம். நம் ஒழுங்கையிலேயே நான்கு வீடு அப்படி மாறிவிட்டது. அந்த வீடுகளில் முன்னர் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதையும் நான் பார்த்தேன். ஒரு குடும்பம் கன்னியாப் பக்கம், பூச்சுப் பூசாத இரண்டு அறையில் இருக்கிறது. அந்த அக்கா ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலைக்கு விடிய ஐந்து மணிக்கே பஸ்ஸுக்கு நிற்கிறா.

நம் உப்புவெளி வீட்டில் வாடகைக்கு இருக்கிற பிள்ளை முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். புருஷன் ஓட்டோ ஓடுகிறான். மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மாதம் 5ஆம் திகதி பின்னேரம் ஒரு நாற்பது பக்கக் கொப்பியோடு என்னிடம் வருவாள். திகதி, தொகை, கரண்ட் மீற்றர் எண் எல்லாம் கோடு போட்டு எழுதியிருப்பாள். நான் கையெழுத்து வைத்த பிறகு மை காயும்வரை கொப்பியை மூடாமல் மடியில் வைத்திருப்பாள். வாடகை 18,000 ரூபா. ஓட்டோ எஞ்சின் பழுதான மாதம் 11,000 தான் வந்தது. மிச்சம் 7,000ஐச் சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போனாள். இரண்டு மாதத்தில் அதைக் கட்டி முடித்து, தானே கோடு கிழித்துக் காட்டினாள். அந்த வீட்டுக்கு 35,000 எடுக்கலாம், ஒரு வருட அட்வான்ஸும் வாங்கலாம் என்று புரோக்கர் என்னிடமும் சொன்னான். ஒரு வருடக் காசை ஒரேயடியாக வைக்கக் கூடியவர்களுக்கு நம் வீடு தேவையா, மகன்?

இவர்களுக்கு அரசாங்கம் உதவாதா என்று கேட்டாய். 2023இல் சமுர்த்தி உதவிக் காசை மாற்றி அஸ்வெசும வந்தது. ஏழைகள் என்ற பிரிவுக்கு 2025இல் மாதம் 10,000 ஆனது. அது சோற்றுக்கும் மருந்துக்கும் போய்விடும். வாடகைக்கென்று அதில் தனியாக எதுவும் இல்லை. வீட்டுத்திட்டம் என்று எது வந்தாலும் முதலில் கேட்பது காணி. 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை லட்சம் கொடுத்தார்கள். நல்ல காரியம், நம் சொந்தக்காரர் எத்தனை பேர் அதில் வீடு கட்டினார்கள். ஆனால் அதுவும் காணி உள்ளவர்களுக்குத்தான். காணி இல்லாமல் வாடகைக்கு இருக்கிறவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. அவர்களுக்கு இந்த ஊரில் இருக்கிற ஒரே உதவி, பேராசைப்படாத ஒரு வீட்டுக்காரர்தான்.

நீயே சொன்னாய், கனடாவில் நீ இருக்கிற ஸ்காபரோவில் பழைய அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்களுக்கு 2025இலும் தனி அனுமதி இல்லாமல் 2.5 வீதத்துக்கு மேல் வாடகை கூட்ட முடியவில்லை என்று. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் பேத்தி பிறந்த வருடம் நாங்கள் நடுத்தெருவில் என்றாய். நான் அதை மறக்கவில்லை.

2005ஐயும் மறக்கவில்லை. சுனாமி முடிந்து உதவி நிறுவனக்காரர் ஊருக்குள் வந்த நேரம். நம் வாடகையைப் போல மூன்று மடங்கு தருகிறோம் என்று யாரோ கேட்டதும், வீட்டுக்காரர் நமக்கு இரண்டு கிழமைதான் தவணை தந்தார். அது உன் ஓ.எல். பரீட்சை வருடம். பாலையூற்றில் அந்த விறாந்தை அறைக்குப் போனோமே. மேசை வைக்க இடமில்லாமல், தையல் மெசினின் பலகைமேல் கணக்குச் செய்தாய். மழை பெய்தால் கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி இருப்பாய். நம்மிடம் எழுத்து ஒன்றும் இருக்கவில்லை, போய் முறையிடவும் வழி தெரியவில்லை.

அதனால்தான் இதைக் கேட்கிறேன். அவர்களை இருக்க விடுவது மட்டும் போதாது. நொத்தாரிசிடம் போய் முறையாகக் குத்தகை உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். நானும் இப்போதுதான் அறிந்தேன்: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும் நொத்தாரிசு முன் எழுதாவிட்டால் செல்லாதாம். 1840ஆம் ஆண்டுச் சட்டம், இன்றைக்கும் அதுதான். வெறும் தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைக்கிற நம் ஊர் வழக்கம் கோர்ட்டில் நிற்காது.

அந்தப் பிள்ளையின் மகனுக்கு அடுத்த வருடம் முதலாம் வகுப்பு. பாடசாலையில் சேர்க்க வதிவிடத்துக்குப் புள்ளி உண்டு. வாக்காளர் இடாப்பில் பெயரும், வீட்டில் இருப்பதற்கான பத்திரமும் வேண்டும். வாடகைக்காரரின் பெயரை இடாப்பில் பதிய விட்டால் வீடு போய்விடும் என்று வீட்டுக்காரர் பயந்து மறுக்கிறார்கள். அதனால் பிள்ளைகள் வீட்டுக்கு முன்னால் இருக்கிற பள்ளிக்கூடத்தை விட்டுத் தூரத்துக்கு அலைகிறார்கள்.

உனக்கும் அந்தப் பயம் இருக்கிறது, தெரியும். 1972 வாடகைச் சட்டத்தால் தலைமுறை தலைமுறையாக எழும்பாமல் இருந்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. பூட்டிக் கிடக்கிற கனடாக்காரர் வீடுகளுக்கும் அந்தக் கதைதான் காரணம். சிலதில் கூரையே இறங்கிவிட்டது. நான் நொத்தாரிசிடம் அதையும் கேட்டேன். "காலமும் தொகையும் எழுதின உறுதிதான் அம்மா உங்களுக்கும் பாதுகாப்பு" என்றார். இரண்டு வருடம், வாடகை 20,000, முடிய மூன்று மாதத்துக்கு முன் இரு பக்கமும் பேசுவது. இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன். வாடகையைக் கூட்டினதும் அவள் சம்மதத்தோடுதான். அவளே வாய்விட்டு, "அன்ரி, 2,000 கூட்டுங்கோ" என்றாள்.

நீ தந்த அற்றோர்னித் தத்துவம் என்னிடம் இருக்கிறது, நானே கையெழுத்து வைக்கலாம். ஆனால் உன் உழைப்பில் கட்டின வீடு, ராசா. குளிருக்குள் இரவு வேலை செய்து நீ அனுப்பின காசு ஒவ்வொன்றையும் நான்தான் சீமெந்தாக்கினேன். உன் வாயால் ஓம் என்று கேட்காமல் வைக்க மாட்டேன்.

அப்புறம், முற்றத்து வேப்பமரக் கிளை கூரை ஓட்டில் உரசுகிறது. மாரிக்கு முன் வெட்டித் தருவதாக அந்த ஓட்டோக்காரப் பையன் சொல்லியிருக்கிறான். நொத்தாரிசு வியாழன் வரச் சொன்னார். புதன் இரவுக்குள் போன் எடு.

அன்புடன்,
அம்மா