பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பை

அன்புள்ள பிரபு,

உன் டீமில் ஒருவன், புதிதாகச் சேர்ந்த பெண்ணின் உடையைப் பற்றித் தினமும் ஏதாவது சொல்கிறான் என்றாய். "அவளும் சிரிச்சுக்கிட்டுதாம்மா இருக்கா" என்றும் சொன்னாய். போனில் எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

நானும் சிரித்திருக்கிறேன், கண்ணா. 1986-ல் டைப்பிஸ்டாகச் சேர்ந்த புதிது. பிழை பார்க்கிற சாக்கில் மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிவார். கழுத்தில் வெற்றிலை வாசனையோடு மூச்சு படும். ஏதாவது சொல்வார், சிரித்துவைப்பேன். வேலை நிரந்தரமாக இன்னும் ஆறு மாதம் இருந்தது, கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். ஆபீஸ் வேனில் ஏறியதும் பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்துவிடுவேன். அதையும் எடுத்து என் மடியில் வைத்துவிட்டு உட்காருவார். உன் அப்பாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

யாரிடம் போய்ச் சொல்வது? இதற்கென்று அப்போது சட்டமே இல்லை. ராஜஸ்தானில் பன்வாரி தேவி, அரசுத் திட்டத்தின் ஊழியராக ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். அந்தக் கோபத்தில் 1992-ல் அவரைக் கூட்டாகச் சீரழித்தார்கள். அதை ஒட்டிப் பெண்கள் அமைப்புகள் போட்ட வழக்கில்தான் 1997-ல் உச்ச நீதிமன்றம், வேலை இடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க விசாகா நெறிமுறைகளைத் தந்தது. சட்டம் வர 2013 ஆகிவிட்டது.

வருடா வருடம் 'போஷ் ட்ரெயினிங்' என்று கிளிக் பண்ணித் தள்ளுவாயே, அதுதான் அந்தச் சட்டம். பத்துப் பேர் வேலை செய்தாலே புகார்க் குழு இருக்க வேண்டும். தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகாரை எழுதிக் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் தருவார்கள்.

புகார் வரட்டும் என்று நீ காத்திருக்காதே. டீம் லீட் நீ. அவனைத் தனியாகக் கூப்பிட்டு நிறுத்தச் சொல். அவள் பெயரை இழுக்காதே, உன் காதிலேயே விழுந்ததாகச் சொல். அப்புறம் குழுவில் யார் யார் என்று அவளுக்குத் தெரியப்படுத்து. புகார் கொடுப்பதும் கொடுக்காததும் அவள் இஷ்டம். சமாதானம் பண்ணுகிறேன் என்று இருவரையும் ஒரே அறையில் உட்காரவைக்காதே. அவள் கேட்காமல் அவளை வேறு டீமுக்குத் தூக்கியும் போடாதே. நல்லது செய்வதாக நினைத்து எல்லோரும் செய்கிற வேலை அதுதான்.

புதன்கிழமை போன் பண்ணு. அவனிடம் பேசினாயா என்றுதான் முதலில் கேட்பேன்.

அம்மா